ஒன்பது வீட்டுக் கிடாரி

ஒன்பதை மாட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். பால் சங்கத்து ஆள் கையில் சுத்தியலும் வாயில் நான்கு ஆணியுமாக மேலே நின்றுகொண்டு, நேராக இருக்கிறதா பாருங்கள் என்று கண்ணால் கேட்டார். என் தங்கை கேட்டுக்கு வெளியே போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, இடது பக்கம் கொஞ்சம் தூக்கச் சொன்னாள். அவள் வீட்டு ஏணி குட்டை என்று என் வீட்டு ஏணியை வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அரை மணி நேரத்துக்கு முன்னால் அதே ஏணியில் ஏறி, அதே சுத்தியலால் அவர் என் வீட்டு வாசலில் ஆணி அடித்து மாட்டிய தகரப் பலகையில் இருந்த எண் ஒன்று. அது நேராக இருக்கிறதா என்று யாரும் வெளியே போய்ப் பார்க்கவில்லை.

பலகை சங்கத்தின் புது ஏற்பாடு. பண்ணையில் மாட்டுக் காசநோய் இல்லாமல் எத்தனை வருடம் கழிந்திருக்கிறது என்பதை அவரவர் வாசலில் எழுதிவிடுவார்கள். மாடு வாங்க வருகிறவன் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், விற்கிறவன் சொல்லக் கூச்சப்பட வேண்டாம், எண்ணைப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். எங்கள் வேலையில் அந்தக் கேள்வியைக் கேட்பது அவ்வளவு கடினம். உன் மாட்டுக்கு நோய் உண்டா, எந்தப் பண்ணையிலிருந்து வந்தது, சோதனை செய்த சீட்டு இருக்கிறதா என்று கேட்டால், நீ ஒரு திருடன் என்று அவன் வீட்டிலேயே உட்கார்ந்து சொல்வதற்குச் சமம். கேட்காமலே வாங்கியவள் நான். அதனால்தான் என் வாசலில் ஒன்று.

எனக்கு மாடு கொடுத்தவர் அப்பாவின் நண்பர், தரகர். ஊரில் அவரை ‘வாக்கு’ என்றுதான் சொல்வார்கள். எதைக் கேட்டாலும் என் வாக்கை விடவா உனக்குச் சீட்டு பெரிது என்பார். அன்று என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆளிடம் எப்படிக் கேட்பது என்று விழுங்கிவிட்டேன். ஆறு மாதம் கழித்துச் சோதனைக்கு வந்த டாக்டரம்மா கழுத்தில் ஊசி போட்டுவிட்டுப் போய், மூன்றாம் நாள் வந்து ஒவ்வொரு மாடாகக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். ஏழு மாட்டுக்கு வீங்கியிருந்தது. பத்தொன்பதில் ஏழு. கொன்று புதைக்க லாரி வந்து ஏற்றிக்கொண்டு போன மறுநாள் ‘வாக்கு’ துக்கம் விசாரிக்க வந்து அப்போதும் டீ குடித்தார். அன்றைக்கும் நான் கேட்கவில்லை.

எங்கள் இரண்டு பேருடைய பண்ணையும் ஒரு காலத்தில் ஒரே பண்ணை. அப்பா இரண்டாகப் பிரித்து மேல் பாதியை எனக்கும் கீழ்ப் பாதியை அவளுக்கும் எழுதிவைத்தார். மேல் பாதியில் கல் அதிகம், கீழ்ப் பாதியில் புல் அதிகம். ஒரு கண்ணில் வெண்ணெய் ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. பிரிக்க முடியாமல் நின்றது தண்ணீர்த் தொட்டி மட்டும்தான். இருபதடி நீளம், சிமெண்ட். வேலிக்கம்பி அதன் நட்டநடுவே மேலே ஓடும். அவள் மாடு அந்தப் பக்கமும் என் மாடு இந்தப் பக்கமும் நின்று ஒரே தண்ணீரைக் குடிக்கும். குழாய் அவள் பக்கம், அடியில் தண்ணீரைத் திறந்துவிடும் அடைப்பு என் பக்கம்.

ஏழு மாடு போன அன்று அவள் வந்து அழுதாள். எல்லோரும் பார்க்கட்டும் என்று அழுகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. இரண்டு நாள் கழித்துக் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்து தொட்டிக்கு நடுவில் சுவர் வைக்க வேண்டும், டாக்டரம்மா சொன்னார் என்றாள். அப்பா கட்டின தொட்டியை இரண்டாக்குவதற்கு நீ யார், என் மாட்டு வாய் பட்ட தண்ணீர் உனக்கு ஆகாதா என்று நான் போட்ட சத்தத்தில் கொத்தனார் கரணையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் ஏழு மாதம் என் மாடுகளைக் கொட்டகையை விட்டு வெளியே விடக் கூடாது என்று உத்தரவு. அவள் மாடுகளுக்கு இரண்டு முறை சோதனை செய்தார்கள். ஒரு வீக்கம் இல்லை. பக்கத்துப் பக்கத்தில், ஒரே தொட்டியில் குடித்து, அவளுக்கு ஒன்றும் வரவில்லை. என்னால் மன்னிக்க முடியாமல் போனது அதைத்தான்.

பலகை வந்த பிறகு தினமும் அதைப் பார்க்க வேண்டியதாயிற்று. பால் கொண்டுபோகும் வழியில் முதலில் என் கேட், அப்புறம் அவள் கேட். மாடு பார்க்க வருகிறவர்கள் என் வாசலில் வண்டியின் வேகத்தைக் குறைத்து, எண்ணைப் பார்த்து, மறுபடி வேகம் எடுத்து அவள் வாசலில் நிறுத்துவார்கள். அவள் வாசலுக்கு வந்து சிரிப்பாள். சிறு வயதிலிருந்தே அவள் சிரிப்பு அப்படித்தான். பரிசு வாங்கும்போதும் அதே சிரிப்பு, என் தட்டிலிருந்து எடுத்துத் தின்னும்போதும் அதே சிரிப்பு. எனக்கு வயிறு எரியும். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே எரியும்.

அந்த மாதக் கடைசியில் சங்கத்தில் கூட்டம். பால் அளக்கும் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். முதலில் டாக்டரம்மா பேசினார். நோய் பாதிக்கு மேல் லாரியில் ஏறித்தான் வருகிறது, வாங்குகிற இடத்தைப் பார்த்து வாங்குங்கள், வாங்கியதைத் தனியாகக் கட்டுங்கள் என்றார். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, நோய் காட்டுப் பன்றியால் வருகிறது, அதைப் பிடிக்கத் துப்பில்லாமல் எங்கள் வாசலில் ஆணி அடிக்கிறீர்கள் என்றார். இன்னொருவர், பூஜ்யம் போட்ட பண்ணைக்காரன் மாட்டை யார் வாங்குவார், விலை போகாத மாட்டைக் கட்டிக்கொண்டு அவன் குடும்பத்தோடு அழட்டுமா என்று கேட்டார். இன்னும் கொஞ்ச நாளில் மாட்டுக்குப் பாஸ்போர்ட் எடுக்கச் சொல்வார்கள் என்று யாரோ சொல்ல, கூடமே சிரித்தது. ‘வாக்கு’ முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தார். பூஜ்யம் போட்ட பண்ணைக்காரனைப் பற்றி அந்த இன்னொருவர் கேட்டது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. கை தட்டியிருப்பேன், ஆனால் கை தட்டினால் யார் வீட்டு எண் என்ன என்று எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

அப்புறம் என் தங்கையைப் பேசக் கூப்பிட்டார்கள். ஒன்பது வைத்திருப்பவர்கள் வட்டாரத்திலேயே மூன்று பேர், அதில் பெண் இவள் ஒருத்திதான். புதுச் செருப்பு போட்டு வந்திருந்தாள். தனிக் கொட்டகை கட்டியிருப்பதையும், வாங்குகிற மாட்டை அறுபது நாள் அதில் வைப்பதையும், அதற்கென்று தனி வாளி, தனிக் கயிறு, தனிச் செருப்பு வைத்திருப்பதையும், அதைக் கடைசியாகக் கறப்பதையும் சொன்னாள். நன்றாகத்தான் பேசினாள். அதோடு இறங்கியிருக்கலாம்.

“எனக்கு ரொம்ப வேண்டப்பட்டவங்க ஒருத்தங்க இருக்காங்க. கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு வாங்கிட்டாங்க. ஏழு மாடு போச்சு. வெக்கத்துக்கு நாம கொடுக்குற விலை அது,” என்றாள்.

கூடத்தில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. பெயர் சொல்லவில்லையாம். இரண்டு பண்ணைக்கு ஒரே வேலி, ஒரே அப்பா; இதில் பெயர் வேறு சொல்ல வேண்டுமா? கூட்டம் முடிந்து டீ கொடுத்தார்கள். நான் குடிக்காமல் வந்துவிட்டேன். அன்றிலிருந்து அவளோடு பேச்சில்லை. அவள் வேலிப் பக்கம் நின்று கூப்பிட்டால் நான் மாட்டோடு பேசினேன்.

பதினைந்து நாள் கழித்து, ஒரு சாயங்காலம், பால் கேன்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது அவள் வாசலில் லாரி வந்து நின்றது. காலையில் அவள் பெரிய சந்தைக்குப் போனது எனக்குத் தெரியும். அவளிடம் இருப்பதிலேயே நல்ல கிடாரியை ஏற்றிக்கொண்டு போனாள்; நெற்றியில் வெள்ளைச் சுட்டி, முதல் சினை, நடக்கும்போதே பார்க்கத் தோன்றும் மாடு. விற்றுவிட்டு வெறும் லாரியில் வருவாள் என்று நினைத்தேன். லாரியின் பின்கதவுப் பலகையை இறக்கினார்கள். சுட்டிக் கிடாரி தலையை ஆட்டிக்கொண்டு இறங்கியது. விலை படியவில்லை போலிருக்கிறது என்று மனதுக்கு ஒரு குளிர்ச்சி. அவள் கயிற்றை அவிழ்த்து முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். அது நேராகத் தொட்டிக்குப் போய் மூக்கை முக்கி நீளமாகக் குடித்துவிட்டு, மற்ற மாடுகளுக்கு நடுவில் போய் நின்றது. தனிக் கொட்டகையின் கதவு சாத்தியே இருந்தது.

கையில் கேனோடு அப்படியே நின்றுவிட்டேன்.

நோய் வந்து பூஜ்யமாகிறவர்களுக்கு மட்டும் ஒரு படிப்பு உண்டு; ஏழு மாடு போனபோது எனக்கும் நடந்தது. டாக்டரம்மா வீட்டுக்கே வந்து உட்கார்ந்து, நான்கு பக்கத் தாளை வரி வரியாகப் படித்துக் காட்டி, ஒவ்வொரு வரிக்கும் புரிந்ததா என்று கேட்டுக் கையெழுத்து வாங்குவார். ஒன்பது வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பாடம் இல்லை. அவர்களுக்குப் பலகையும் கைதட்டலும். அந்தத் தாளின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. சந்தைக்கோ கண்காட்சிக்கோ போய் விற்காமல் திரும்பும் மாடும் புது மாடுதான். நான்கூட அன்று டாக்டரம்மாவிடம் கேட்டேன், நம் மாடு நம் வீட்டுக்குத் திரும்பி வந்தால் அது எப்படிப் புது மாடு என்று. ஒரு நாள் முழுக்க முப்பது ஊர் மாட்டோடு மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு நின்றதே, அதை அது உங்களிடம் வந்து சொல்லுமா என்று கேட்டார். ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியாது. வாங்கியதைத் தனியாகக் கட்டுவார்கள், விற்காததைச் சேர்த்துக் கட்டுவார்கள். என் தங்கைக்கும் தெரியவில்லை. சங்கத்தில் மைக் பிடித்துப் பேசியவளுக்குத் தெரியவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு ஒரு பிடி அதிகமாகவே இறங்கியது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. போய்ச் சொல்லிவிடு என்றார். ஊருக்கு உபதேசம் செய்கிறவளுக்கு நான் போய்ச் சொல்ல வேண்டுமா, அடுத்த கூட்டத்தில் அவளே எழுந்து எல்லோருக்கும் சொல்லட்டும் என்றேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, “தன் மூக்கு போனாலும் பரவால்ல, எதிரிக்குச் சகுனம் கெடணும்ங்கிற கதையா இருக்கு. தொட்டி ஒண்ணுதானே?” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் உறைத்தவுடன் நான் செய்தது இன்னொன்று. மறுநாள் விடிந்ததும் போய்த் தொட்டிப் பக்கம் போகிற படலைச் சாத்திக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். வீட்டுக் குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் பிடித்துக் கொட்டகைக்குச் சுமந்தேன். பன்னிரண்டு மாடு, ஒரு நாளைக்கு நாற்பது வாளி. வாளிகளைக் கழுவிச் சுவரோரம் வரிசையாகக் கவிழ்த்து வைத்தேன். என் மூக்கும் போகக் கூடாது, அவள் சகுனமும் கெட வேண்டும். அதற்கு நாற்பது வாளி பெரிய விலை இல்லை என்று கணக்குப் போட்டேன். அடுத்த சோதனைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. டாக்டரம்மாவின் விரல் ஒரு கழுத்தில் நின்று, திரும்பத் தடவி, மறுபடி நிற்பதை நினைத்துக்கொண்டே சுமந்தேன். அவள் வாசலில் ஏணி போட்டு ஒன்பதைக் கழற்றுவார்கள். அன்றைக்கும் ஏணியை நான் பிடித்துக்கொள்வேன்.

மாடுகள் சாகட்டும் என்று நினைத்தேனா? இல்லை. அந்த ஏழு மாடு லாரியில் ஏறியபோது முதலாவது திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எனக்கு வேண்டியது எண் மட்டும்தான். எண் போவதற்கு மாடு போக வேண்டும் என்பதை யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். ஐந்தாறு நாளில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. இவரும் காலையில் பத்து வாளி சுமந்தார். அக்கா தங்கை விஷயத்தில் தலையிடுவதில்லை என்பது கல்யாணமான நாளிலிருந்து அவர் கொள்கை. வேறு எத்தனையோ நல்ல கொள்கை இருக்க, இதைப் பிடித்துக்கொண்டார்.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம் அவள் வந்தாள். கேட்டைத் திறந்துகொண்டு, எங்கள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். நான் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை. வந்தவள் முன்னுரை எல்லாம் வைக்கவில்லை. கூட்டத்தில் அப்படிப் பேசியது தப்பு என்றாள். பேசும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டதாகவும் கைதட்டல் கேட்டதும் அது மறந்துபோனதாகவும் சொன்னாள். அவள் புருஷன் வெளியூர் வேலைக்காரர், மாதத்துக்கு இரண்டு நாள் விருந்தாளி மாதிரி வந்து போகிறவர். போனில் இதைக் கேட்டுவிட்டு, அக்காவிடம் போய் மன்னிப்புக் கேள் என்று அவரும் திட்டினாராம். நான் தீவனத்தைக் கிளறிக்கொண்டே இருந்தேன்.

“உன் மேல எனக்குக் கோவம் இல்லக்கா. நீதான் தொட்டிப் பக்கம்கூட மாட்ட விடாம இருக்க. அவ்ளோ கோவமா?” என்றாள்.

கோபம்தான் காரணம் என்று நினைத்திருக்கிறாள். எனக்கு வசதியாகப் போயிற்று.

காலியாகக் கிடந்த ஏழு கட்டுத்தறிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சந்தையில் சுட்டிக் கிடாரியை ஒருவர் கேட்டாராம், அவள் சொன்ன விலைக்கே. கயிற்றை நீட்டப் போகும்போது என் கொட்டகை ஞாபகம் வந்ததாம். அதனால்தான் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்தாளாம். என் கோபம் தணியட்டும் என்று இத்தனை நாள் பொறுத்திருந்தாளாம்.

“அத நீ வச்சுக்கோ. வெளிய வாங்கப் போனா மறுபடியும் யாராவது உன்ன ஏமாத்திருவாங்க. இது ஒம்பது வீட்டுக் கிடாரி, நீ தனியாகூடக் கட்ட வேண்டாம்,” என்று சொல்லி அந்தச் சிரிப்பைச் சிரித்தாள்.

கொடுக்கும்போதும் அவளுக்கு மேல் படி வேண்டும், எனக்குக் கீழ்ப் படி. அந்த நொடியில் எனக்கு வந்தது பாசம் இல்லை, எரிச்சல்தான். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னேன் என்று பெருமை அடித்துக்கொள்ள முடியாது. குத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

“தனியாத்தான் கட்டுவேன்.”

அவள் முகம் மாறியது. “என் மாட்டையா?”

“சந்தைக்குப் போயிட்டு வந்த மாடு.”

முதலில் அவளுக்குப் புரியவில்லை. அது நம் மாடு, போன வழியே திரும்பி வந்தது என்று ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். நான் உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த நான்கு பக்கத் தாளைக் கொண்டுவந்து மூன்றாம் பக்கத்தை மடித்து நீட்டினேன். அவள் உதடு அசையப் படித்தாள், சின்ன வகுப்பில் படிப்பது போலவே. படித்து முடித்தும் தாளைத் தரவில்லை. அவள் கண் தாளை விட்டு மெதுவாக நகர்ந்து, சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த வாளிகளில் போய் நின்றது. வாளிகளிலிருந்து குழாய்க்கு, குழாயிலிருந்து கொட்டகை வரைக்கும் நனைந்து சேறான தடத்துக்கு, அங்கிருந்து கம்பி கட்டிய படலுக்கு. எங்கள் அப்பாவின் மகள். தடம் பார்க்கத் தெரியும்.

“எப்பலேர்ந்து தண்ணி தூக்குறக்கா?”

இவர் வைக்கோல் கட்டோடு கொட்டகைக்குப் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. கூட்டம் முடிந்த நாளிலிருந்து என்று சொல்லியிருக்கலாம். கோபத்தில் என்று சொல்லியிருக்கலாம். அவளே எடுத்துக் கொடுத்த பொய், நம்பியும் இருப்பாள்.

“லாரி வந்த மறுநாள்லேர்ந்து,” என்றேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் திருப்பித் திட்ட என்னிடம் முப்பது வருடத்துக்குச் சரக்கு இருந்தது. அவள் தாளை நான்காக மடித்து என் கையில் வைத்தாள். அழவும் இல்லை. அன்று என் ஏழு மாட்டுக்கு அழுதவள், இன்று தன் முப்பது மாட்டுக்கு அழவில்லை. அன்று அழுததை நான் என்னவென்று நினைத்தேன் என்பது எனக்கே ஞாபகம் வந்து, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் திரும்பி நடந்தாள். கேட் வழியாகப் போகவில்லை. படலின் கம்பியை அவிழ்த்து, வேலிக்குக் கீழே குனிந்து, தன் பக்கம் போனாள். ஓடவில்லை, வேகமாக நடந்தாள். தொட்டியோரம் குடித்துக்கொண்டிருந்த மாடுகளைக் கையால் தள்ளி விலக்கினாள். குனிந்து குழாயை மூடினாள். இரண்டு கையாலும் இறுக்கி, அதற்கு மேல் திருக முடியாத பிறகும் திருகிக்கொண்டே இருந்தாள்.

அடைப்பு என் பக்கம். நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை, போய் முட்டி போட்டேன். கையைத் தோள் வரைக்கும் தண்ணீரில் விட்டேன். அடியில் பாசி வழுக்கியது. அப்பா வைத்த கட்டை, வருடக்கணக்காக யாரும் பிடுங்காதது, ஊறிப் போய் வரவே இல்லை. நகம் பிய்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது இழுப்பில் கட்டை கையோடு வந்தது. தண்ணீர் அடியில் உறுமிக்கொண்டு என் பக்கம் பாய்ந்து, என் முட்டியை நனைத்து, கல் நிலத்தில் பரவி ஓடியது.

இரண்டு பக்கமும் மாடுகள் வந்து நின்றன. படல் திறந்திருந்ததால் என்னுடையவையும் வந்துவிட்டன. இவர் கையை விரித்துக்கொண்டு அவற்றைத் தடுக்கப் பார்த்தார். தண்ணீர் ஒரு சாண் இறங்கி, இரண்டு சாண் இறங்கி, அடியில் பச்சைப் பாசி தெரிந்தது. அவளும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தொட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தோம். சுட்டிக் கிடாரி மற்றவற்றை இடித்துக்கொண்டு முன்னால் வந்து, கழுத்தை நீட்டி, ஈரமான சிமெண்டைச் சாவகாசமாக நக்க ஆரம்பித்தது.